திருவருகைக் கால வளையத்துக்குப் பச்சை: யோசனை சொல்லுங்களேன்

தொடக்கப் பள்ளி டீச்சர்களுக்கு வணக்கம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம் 2026-இல் நவம்பர் 29 ஞாயிறு தொடங்குகிறது. எங்கள் ஆர்.சி. பள்ளியில் திங்கள்தோறும் பிரேயரில் நான்கு திரி வைத்த பச்சை வளையத்தில் வாரத்துக்கு ஒன்றாக மெழுகுதிரி ஏற்றுவோம். சுற்றிக் கட்டுவது சவுக்குக் கிளைதான். இரண்டாம் வாரமே காய்ந்து மேசையெல்லாம் ஊசி ஊசியாய்க் கொட்டும். திரி பக்கத்தில் எரிவதால் பயமும்கூட. பிளாஸ்டிக் எனக்குப் பிடிக்காது. நான்கு வாரம் தாங்கும் பச்சை எது?

ஊதாத் திரி மூன்றும் வாங்கியாச்சு. மூன்றாம் ஞாயிறுக்கான ரோஸ் கலர்தான் கிடைக்கவில்லை. வெள்ளைத் திரியில் க்ரேயான் உருக்கிப் பூசலாமா?

அப்புறம் இயேசு பிறப்பைக் காட்டும் குடில் நாடகம். அரையாண்டுத் தேர்வு நேரம், ஒத்திகைக்கு வழியில்லை. மூன்றாம் வகுப்பில் எல்லோருக்கும் சம்மனசு (தேவதூதர்) வேஷம்தான் வேண்டுமாம், ஆடாக நிற்க ஆளில்லை! ஆளுக்கு ஒரு வரி வசனத்தோடு பத்து நிமிட நாடகம் இருந்தால் அனுப்புங்கள்.