வெள்ளைக்கல் தூள்: படம் ஓடுது, ஆக்சிஜன் தடவைக்குத் தடவை குறையுது. டிடெக்டர் கோளாறா?

கருப்பூர்கல்:
வணக்கம். சேலம் கருப்பூர் பக்கத்து மேக்னசைட் (மெக்னீசியம் கார்பனேட் கல்), 75 மைக்ரான் சல்லடையில சலிச்ச தூள். 12 மி.மீ. ஸ்டப் (மாதிரியை ஒட்டுற உலோக வட்டு), கார்பன் டேப், மேல 60 விநாடி தங்கப் பூச்சு. எஸ்.இ.எம்.ல (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கி) 15 கேவி, அதாவது 15 கிலோவோல்ட். துகள் ஓரமெல்லாம் பளீர்னு எரியுது, நடுவுல கறுப்புக் கோடு, படம் நிக்காம ஓடுது. இ.டி.எஸ். (எக்ஸ்-கதிர் வெச்சுத் தனிமங்களை அளக்கறது) அதைவிட மோசம். ஒரே புள்ளியில மூணு தடவை எடுத்தா மெக்னீசியம்-ஆக்சிஜன் அணு விகிதம் 1:2.6, அப்புறம் 1:2.0, கடைசியா 1:1.5. கார்பனேட்டுக்கு 1:3 வரணுமே? போதாததுக்கு 2.1 கே.இ.வி. (கிலோ எலக்ட்ரான் வோல்ட்) கிட்ட ஒரு பீக்கைக் காட்டி மென்பொருள் பாஸ்பரஸ்னு சொல்லுது. டிடெக்டரைக் காலிபரேட் பண்ணச் சொல்லணுமா?

டெட்டைம்:
டிடெக்டர் மேல பழி போடாதீங்க. பாஸ்பரஸ்னு சொல்றது உங்க தங்கப் பூச்சு. தங்கத்தோட எம் வரி (எக்ஸ்-கதிர் பீக்) 2.12 கே.இ.வி., பாஸ்பரஸ் கே வரி 2.01. பக்கத்துப் பக்கத்துல இருக்கறதால தானியங்கி அடையாளம் அடிக்கடி குழம்பும்.

முதல்ல ஸ்பெக்ட்ரத்தோட வலது கோடியைப் பாருங்க. செங்குத்து அச்சை லாக் அளவுக்கு மாத்துங்க. 15 கேவி பீம்னா (எலக்ட்ரான் கற்றை) பின்னணி 15 கே.இ.வி. வரைக்கும் போய்த்தான் அடங்கணும். 9 அல்லது 10-லயே நின்னா தூள் மேல அஞ்சாறு கிலோவோல்ட் எதிர்மின்சுமை ஏறி, வர்ற எலக்ட்ரானைத் தள்ளுதுன்னு அர்த்தம். அந்த நிலையில எடுத்த எந்த எண்ணையும் நம்பாதீங்க. மென்பொருள் 15 கேவின்னு நெனச்சுக் கணக்கு போடும், கல்லுல விழுறது என்னவோ 9 தான்.

60 விநாடிங்கறது பூச்சோட தடிமன் இல்ல. கரண்டும் தூரமும் மாறினா அதுவும் மாறும். அதோட, தூளைக் குவிச்சு வெச்சா மேல்பக்கம் மட்டும்தான் பூச்சு படும், அடிப்பக்கம் வெறுங்கல்லாவே இருக்கும். துகள் ஒவ்வொண்ணும் மின்சுமை இறங்க வழியில்லாத தனித்தீவு. டேப் மேல கொஞ்சமாத் தூவி, ஸ்டப்பைக் கவுத்துத் தட்டி, ரப்பர் பல்பால ஊதி ஒட்டாததை எல்லாம் எடுத்துடுங்க (வாயால ஊதாதீங்க, எச்சில் படும்). ஸ்டப்பை ஒரு பக்கம் சாய்ச்சு ஒரு தடவை, மறுபக்கம் சாய்ச்சு ஒரு தடவை பூசுங்க. டேப் ஓரத்துலேருந்து ஸ்டப் உலோகம் வரைக்கும் சில்வர் பெயிண்ட்டால ஒரு கோடு. நல்லாக் காயட்டும், ஈரத்தோட சேம்பருக்குள்ள விட்டா வாக்குவம் ஏறாது. இ.டி.எஸ். வேணும்னா தங்கத்தை விட்டுட்டு 15–20 நானோமீட்டர் கார்பன் பூசுங்க.

கருப்பூர்கல்:
பார்த்தேங்க, 9.5-லயே நின்னிருந்துச்சு! நீங்க சொன்ன மாதிரி கார்பன் பூசினதும் 15 வரைக்கும் போகுது, படமும் நிக்குது, பாஸ்பரஸும் காணோம். ஆனா ஸ்பாட் மோடுல (பீமை ஒரே புள்ளியில நிறுத்தி அளந்தா) ஆக்சிஜன் இன்னும் இறங்கிட்டேதான் இருக்கு.

செம்மண்:
அது வேற கதை. பீம் உங்க கல்லைச் சுடுது, சூளையில வெச்ச மாதிரியே. கார்பனேட் உடைஞ்சு கார்பன் டை ஆக்சைடு பம்ப் வழியாப் போயிடும், மிஞ்சுறது மெக்னீசியம் ஆக்சைடு. அதுல விகிதம் 1:1. உங்க 1:1.5 பாதி வழியில நிக்குது. உருப்பெருக்கத்தைக் குறைச்சுப் பாருங்க, பீம் நின்ன இடத்துல சின்னதா ஒரு குழியோ சதுரத் தழும்போ தெரியும்.

கரண்டை 1 நானோ ஆம்பியருக்குக் கீழ இறக்குங்க. ஸ்பாட் மோடை விட்டுட்டு 20×20 மைக்ரான் பரப்புல ஸ்கேன் பண்ணுங்க. 30 விநாடி போதும், அடுத்த ஸ்பெக்ட்ரத்துக்குப் புது இடம். ஃபோகஸ் சரி பண்றது பக்கத்துத் துகள்ல, அளக்கறது தொடாத துகள்ல. பலரும் அளக்கப் போற இடத்துலயே ஃபோகஸ் பண்ணிச் சுட்டுடறாங்க.

சின்னத் துகளையும் ஒதுக்குங்க. 15 கேவியில எலக்ட்ரான் மேக்னசைட்டுக்குள்ள சுமார் 2 மைக்ரான் இறங்கும். 3 மைக்ரான் துகள்ல டேப்பும் சேர்ந்து பேசும். கார்பனை அளக்கவே வேண்டாம், பூச்சும் டேப்பும் கார்பன்தானே. மென்பொருள்ல கார்பன் டை ஆக்சைடைக் கணக்கு வழியாச் சேர்த்துக்குங்க.

கருப்பூர்கல்:
பரப்பு ஸ்கேன்ல 1:2.8 வந்து நிக்குது, நன்றிங்க. 700 டிகிரியில சுட்ட தூளும் இருக்கு. அதுல கார்பனேட் எவ்வளவு மிச்சம்னு இதே முறையில பார்க்கலாமா?

டெட்டைம்:
வேண்டாம், அதுக்கு இ.டி.எஸ். தப்பான கருவி. எடையிழப்பு பாருங்க. காய வெச்ச தூள் 1 கிராம், 1000 டிகிரியில எடை நிலைக்கிற வரைக்கும் சுட்டு எடை போடுங்க. சுத்த மேக்னசைட் 52.2 சதவீதம் இழக்கும். கூடவே எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு, எந்தப் படிகம்னு காட்டும்) எடுங்க. காப்பர் குழாயில மேக்னசைட்டோட பெரிய பீக் 32.6 டிகிரி, ஆக்சைடுக்கு 42.9. 18.6, 38.0 ரெண்டுலயும் பீக் எழுந்தா சுட்ட தூள் ஈரம் குடிச்சு புரூசைட் (மெக்னீசியம் ஹைட்ராக்சைடு) ஆயிடுச்சுன்னு அர்த்தம். எடையிழப்புல அந்தத் தண்ணியும் சேர்ந்து வரும், கார்பனேட்னு எண்ணிடாதீங்க. சுட்டதை டெசிகேட்டர்ல (ஈரம் புகாத மூடு பாத்திரம்) வெச்சு, தண்ணி படாம எத்தனால்ல கையாளுங்க.

செம்மண்:
புரூசைட்டும் பீம்ல தண்ணியை விடும். அதையும் பரப்பு ஸ்கேன்லயே பாருங்க.