குரோமாட்டின் ஆய்விலிருந்து மரபணுத் திருத்தத்துக்கு: ஃபியோதர் உர்னோவின் ஆய்வுப் பாதை குறித்து ஓர் ஐயம்

அருள்மொழி:
வணக்கம். மூலக்கூறு உயிரியலில் முதுநிலை இறுதியாண்டு படிக்கிறேன். மரபணுத் திருத்தத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் எண்ணத்தில் அத்துறை ஆய்வாளர் ஃபியோதர் உர்னோவின் கட்டுரைகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். மாஸ்கோவில் பிறந்து, 1996இல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற அவர், பின்னர் அந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆலன் உல்ஃபின் ஆய்வகத்தில் குரோமாட்டினை, அதாவது டிஎன்ஏவும் அதைச் சுருட்டி வைக்கும் புரதங்களும் சேர்ந்த அமைப்பை, ஆராய்ந்தார். ஹிஸ்டோன் புரதங்களின் மேல் சுற்றப்பட்டிருக்கும் டிஎன்ஏவில் எந்த மரபணு செயல்படத்தக்கவாறு திறந்திருக்கிறது, எது மூடிக் கிடக்கிறது என்று கண்டறிவதே அங்கு அவருடைய வேலையாக இருந்தது. 2000இல் கலிஃபோர்னியாவின் சங்கமோ என்னும் உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்துக்குச் சென்றபின் மரபணுத் திருத்தத்தில் இறங்கினார். முந்தைய எபிஜெனெடிக்ஸ் (டிஎன்ஏவின் எழுத்துகள் மாறாமலேயே மரபணுவின் செயல்பாடு கட்டுப்படும் விதத்தை ஆராயும் துறை) பயிற்சி அவருக்குப் பின்னாளில் உண்மையிலேயே கைகொடுத்ததா, அல்லது துறை மாறிவிட்டார் என்றே கொள்ள வேண்டுமா? எனக்குக் குரோமாட்டின் ஆய்வகம் ஒன்றில் இடம் கிடைக்கும் வாய்ப்பு இருப்பதால் கேட்கிறேன்.

செந்தில்வேலன்:
துறை மாறினார் என்பது பொருந்தாது. உல்ஃபும் அதே ஆண்டில்தான் சங்கமோவுக்குச் சென்றார். அந்நிறுவனத்தின் தொடக்க கால நோக்கம் மரபணுவை வெட்டுவதன்று. விரல் போன்ற பகுதிகள் ஒவ்வொன்றும் டிஎன்ஏவின் ஏறத்தாழ மூன்று எழுத்துகளை (வேதி அலகுகளை) அடையாளம் காணும் ஜிங்க் ஃபிங்கர் புரதங்களை வடிவமைத்து, அவற்றோடு தூண்டும் பகுதியையோ அடக்கும் பகுதியையோ இணைத்து, ஒரு மரபணுவின் செயல்பாட்டைக் கூட்டுவதும் குறைப்பதுமே. 2001இல் இரத்த நாளங்களை வளரச் செய்யும் விஇஜிஎஃப்-ஏ மரபணுவைத் தூண்ட முயன்றபோது, டிஎன்ஏஸ் நொதி எளிதில் வெட்டக்கூடிய திறந்த இடங்களை முதலில் கண்டறிந்து, அவற்றையே குறிவைத்துப் புரதங்களை வடிவமைத்தனர். இது முழுக்க முழுக்கக் குரோமாட்டின் ஆய்வாளரின் அணுகுமுறை. உல்ஃப் அதே ஆண்டு ஒரு விபத்தில் இறந்துபோனது அத்துறைக்குப் பேரிழப்பு.

ஜிங்க் ஃபிங்கரோடு ஃபாக்-1 என்னும் வெட்டும் நொதியை இணைக்கும் வழியை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீநிவாசன் சந்திரசேகரனின் குழு 1996இலேயே காட்டியிருந்தது. அதைக் கொண்டு, கடும் நோயெதிர்ப்புக் குறைபாட்டுக்குக் காரணமாகும் ஐஎல்2ஆர்ஜி மரபணுவை உர்னோவும் சக ஆய்வாளர்களும் மனித செல்களில் மாற்றிக் காட்டினர். மாறிய செல்களை மருந்திட்டுப் பிரித்தெடுக்காமலேயே 18 விழுக்காடு செல்களில் மாற்றம் நிகழ்ந்ததாக 2005இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை அறிவித்தது. இத்துறைக்கு 'ஜீனோம் எடிட்டிங்' (மரபணுத் திருத்தம்) என்ற பெயர் நிலைத்ததும் அக்கட்டுரைக்குப் பிறகுதான்.

கயல்விழி:
செந்தில்வேலன் சொன்னதை விடவும் வலுவான சான்று, குறைபாடுள்ள ஹீமோகுளோபினால் சிவப்பணுக்கள் அரிவாள் வடிவில் வளையும் அரிவாள் செல் சோகை நோயின் சிகிச்சையில் இருக்கிறது. பிறப்புக்குப் பின் கருக்கால ஹீமோகுளோபினை அடக்கி வைப்பது பிசிஎல்11ஏ என்னும் புரதம். அந்த அடக்கலை நீக்கினால் நோயாளியின் உடல் மீண்டும் கருக்கால ஹீமோகுளோபினைத் தயாரிக்கும்; குறைபாடுள்ளதற்கு அது ஈடாகும். ஆனால் அந்த மரபணுவையே சிதைத்துவிட்டால் இரத்தத் தண்டு செல்களும் நோயெதிர்ப்புக்கான பி செல்களும் பாதிக்கப்படும். தீர்வு அதனுள்ளேயே கிடைத்தது: சிவப்பணுக்களாக மாறவிருக்கும் செல்களில் மட்டும் இம்மரபணுவை முடுக்கும் ஒரு சிறு பகுதி அதன் இன்ட்ரானில் (புரதமாக மாறாத இடைப்பகுதியில்) இருப்பதை, திறந்த குரோமாட்டினின் வரைபடங்களைப் பின்தொடர்ந்து, பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கினின் குழு 2013இல் அறிவித்தது. அப்பகுதிக்குள் எந்த எழுத்துகளைக் கலைத்தால் போதும் என்று துல்லியமாகக் காட்டிய ஆய்வுகளில் ஒன்று, 2015இல் உர்னோவும் இணைந்து வெளியிட்டது. வேறு நிறுவனங்கள் கிரிஸ்பர் என்னும் வேறொரு வெட்டும் கருவியைக் கொண்டு உருவாக்கிய கேஸ்ஜெவி சிகிச்சை அதே பகுதியைத்தான் வெட்டுகிறது. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அதற்கு அனுமதி அளித்தன. கத்தரிக்கோல் மாறலாம், எங்கே வெட்டுவது என்ற அறிவு குரோமாட்டினிலிருந்தே வந்தது.

அருள்மொழி:
இருவருக்கும் நன்றி. இதுவரை வெட்டும் கருவியைப் பற்றியே படித்திருக்கிறேன். வெட்டுமிடத்தைத் தேடும் பணி இவ்வளவு பெரியது என்பது இப்போதுதான் விளங்குகிறது. உர்னோவ் இப்போது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் செய்யும் பணியிலும் இந்தத் தொடர்ச்சி இருக்கிறதா?

செந்தில்வேலன்:
அங்கே அவர் கவனம் பெரும்பாலும் அரிய நோய்களின் மேல் இருக்கிறது. கல்லீரல் அம்மோனியாவை வெளியேற்ற உதவும் சிபிஎஸ்1 நொதி இல்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்கென்றே, கிரண் முசுனுருவும் ரெபெக்கா அரன்ஸ்-நிக்லஸும் பிலடெல்பியாவில் சுமார் ஆறு மாதங்களில் ஒரு மருந்தை உருவாக்கி 2025இல் அளித்தார்களே, அதன் பாதுகாப்புச் சோதனைகளில் உர்னோவ் பணிபுரியும் பெர்க்லி ஆய்வு நிறுவனமும் பங்கேற்றது. அந்த மருந்து டிஎன்ஏவின் இரு இழைகளையும் வெட்டாமல் ஓர் எழுத்தை மட்டும் மாற்றியது. எழுத்தையே தொடாமல் டிஎன்ஏவின் மேல் மெத்தில் என்னும் வேதிக் குறியிட்டு மரபணுவை அடக்கும் முயற்சியும் நடக்கிறது. எலிகளின் கல்லீரலில் கொலஸ்ட்ராலைக் கூட்டும் பிசிஎஸ்கே9 மரபணு இவ்வாறு ஏறத்தாழ ஓராண்டு அடங்கியிருந்ததை மிலானைச் சேர்ந்த குழு 2024இல் காட்டியது. அதற்கும் ஜிங்க் ஃபிங்கர்தான் பயன்பட்டது.

எனவே, கிடைக்கும் இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்பேன். சேரும் முன் நெறியாளரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: திறந்த குரோமாட்டினின் வரைபடத்தை ஆய்வகத்தில் நெடுங்காலம் வளர்த்துவரும் செல்வரிசையில் எடுக்கிறார்களா, நோயாளியிடமிருந்தோ கொடையாளரிடமிருந்தோ பெற்ற செல்களில் எடுக்கிறார்களா? இரண்டும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. சிகிச்சையை நோக்கிச் செல்ல விரும்பும் உங்களுக்கு இரண்டாவதில் கைப்பழக்கம் வேண்டும்.