பென்சில் கோடு திரையில் அசைந்ததை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்? (அனுபவப் பகிர்வு)

பல்லாவரம்_அப்பா:

2025 ஜனவரி கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’ பார்க்கப் போனேன். சின்ன வயதில் டிவியில் பாதியிலிருந்து பார்த்த படம். அப்போது இந்தி. ஒரு வார்த்தை புரியாது. ஆனால் கும்பகர்ணன் எழுந்திருக்கும்போது தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தோம். இப்போது 4கே தரத்துக்குச் சுத்தம் செய்து, தமிழும் பேசவைத்துத் தியேட்டருக்கே கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் போன காட்சியில் மொத்தம் இருபது பேர் இருந்திருப்போம்.

இடைவேளையில் பாப்கார்னைக் கொறித்துக்கொண்டே மகள் கேட்டாள்: “அப்பா, மரம் எல்லாம் பெயின்டிங் மாதிரி இருக்கு. குரங்கு மட்டும் ஏன் மேல ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி இருக்கு?”

ஒன்பது வயதுக்கு அது அபாரமான கண். அவள் சொன்னதுதான் நிஜம். பின்னணியைக் காகிதத்தில் பெயின்ட் செய்வார்கள். ஆளை மட்டும் கண்ணாடி போன்ற ஷீட்டில், அதாவது செல்லில், முன்பக்கம் கோடும் பின்பக்கம் வண்ணமுமாகப் போட்டு, பின்னணி மேல் வைத்து ஒவ்வொரு பிரேமாகப் படம் எடுப்பார்கள். யூகோ சாகோ என்ற ஜப்பானியர் ஆசைப்பட்டுத் தொடங்கி, நம்ம ராம் மோகனும் கொய்ச்சி சசாகியும் சேர்ந்து இயக்கிய படம் இது. சுமார் 450 ஓவியர்கள், கிட்டத்தட்ட ஒரு லட்சம் செல். 1992இல் முடிந்து, அடுத்த வருடம் திரைப்பட விழாவில் காட்டினார்கள். தியேட்டரில் ஒழுங்காக ஓடவில்லை. அது முடிந்த மூன்றாவது வருடமே முழுக்கக் கம்ப்யூட்டரில் செய்த ‘டாய் ஸ்டோரி’ வந்துவிட்டது. அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரியும்.

எனக்கு இந்தத் துறையோடு ஒரு சம்பந்தமும் இல்லை, வெறும் ரசிகன். கையால் வரைந்த படத்தோடு உங்களுக்கு ஏதாவது நேரடி அனுபவம் இருந்தால் எழுதுங்களேன். ‘அந்தக் காலம் மாதிரி வருமா’ மட்டும் வேண்டாம்.

பென்சில்சீவி:

சம்பந்தம் உள்ளவன் வந்துவிட்டேன். 2001இலிருந்து மூன்றரை வருடம் சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் இன்-பிட்வீனர். ஸ்டூடியோ பேர் வேண்டாம். வெளிநாட்டு டிவி தொடர்களுக்கு வேலை செய்தோம். கதை அங்கே, டிசைன் அங்கே, லாபமும் அங்கே.

வேலை இதுதான். முக்கியமான நிலைகளை வரைகிற கீ அனிமேட்டர் 1-ஆம் படமும் 9-ஆம் படமும் வரைந்து, ஓரத்தில் ஏணி மாதிரி ஒரு சார்ட் போட்டுத் தருவார். நடுவில் 5-ஐ முதலில் வரைய வேண்டும். பிறகு 3, பிறகு 7. ஒரு படத்துக்கு இரண்டு பிரேம் என்பதால் ஒற்றைப்படை எண்கள் மட்டும்தான் வரும். அடியில் பல்ப் எரியும் லைட் பாக்ஸில், தாள் நகராமல் பிடிக்கும் முளைகள் உள்ள பெக் பாரில் காகிதங்களை மாட்டி, விரலிடுக்கில் நாலைந்து தாள்களைக் கவ்விக்கொண்டு புரட்டிப் புரட்டிப் பார்ப்போம். சாயங்காலத்துக்குள் விரல் நுனியெல்லாம் காகிதம் கிழித்திருக்கும்.

முதல் மாதம் எனக்கு வந்தது ஒரு பையன் தலையைத் திருப்பும் ஷாட். இடதிலிருந்து வலது, அவ்வளவுதான். பத்தாவதில் கணக்கில் நல்ல மார்க் வாங்கியவன் இல்லையா? இந்த மூக்கு நுனிக்கும் அந்த மூக்கு நுனிக்கும் நடுவில் ஸ்கேல் வைத்து அளந்து, சரிபாதியில் புள்ளி வைத்து வரைந்தேன். வரைந்த தாள்களை வரிசையாக ஓட்டிப் பார்க்கும் பென்சில் டெஸ்டில் போட்டால் பையன் தலையைத் திருப்பும்போது பாதியில் மூஞ்சி காற்றுப் போன பலூன் மாதிரி உள்ளே போய் மறுபடி வெளியே வருகிறது. ரூமே சிரித்தது. தலை உருண்டை. அது திரும்பினால் மூக்கு வளைந்த பாதையில்தான் போகும், நேர்க்கோட்டில் போகாது. சூப்பர்வைசர் அதையெல்லாம் விளக்கவில்லை. “ஸ்கேலை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடு” என்றார். அத்தோடு சரி, இன்று வரை மேசையில் ஸ்கேல் கிடையாது.

2004இல் ஆர்டர் குறைந்தது. ஒரு நாள் காலையில் போனால் லைட் பாக்ஸ்களை வராந்தாவில் அடுக்கிவைத்திருக்கிறார்கள், பழைய மரச்சாமான்காரர் விலை பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டு மாதச் சம்பளம் பாக்கி, இன்னும் வரவில்லை. என் பெக் பாரை மட்டும் கழற்றி டிபன் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். திருட்டு என்றால் திருட்டுதான்.

அப்போது எல்லோரும் சொன்ன காரணம், ‘மக்களுக்கு 2டி, அதாவது கைவரைப் படம், பிடிக்கலை’. நானும் நம்பினேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால் கணக்கு உதைக்கிறது. 2002இல் டிஸ்னிக்கு இரண்டு கைவரைப் படம் வந்தது. 14 கோடி டாலர் போட்ட ‘டிரெஷர் பிளானட்’ போட்ட காசைக்கூட எடுக்கவில்லை. ஃப்ளோரிடாவில் ஓர்லாண்டோ கிளையில் 8 கோடியில் செய்த ‘லிலோ அண்ட் ஸ்டிட்ச்’ 27 கோடி வசூலித்தது. ஒரே வருடம், ஒரே பென்சில். ஆனால் 2004 ஜனவரியில் மூடியது எந்தக் கிளையை? ஓர்லாண்டோவைத்தான். கதை சொதப்பினாலும் செலவு எகிறினாலும் பழியைப் பென்சில் மேல் போட்டுவிட்டார்கள். 2009இல் ‘பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்’ மூலம் மறுபடி ஆரம்பித்தார்கள். 2011இல் ‘வின்னி த பூ’வைக் கொண்டுபோய் அமெரிக்காவில் ஹாரி பாட்டர் கடைசிப் பாகம் வந்த அதே நாளில் விட்டார்கள். தீபாவளிக்கு ரஜினி படம் வரும்போது எதிரில் நாடகம் போட்ட மாதிரி. அதன்பின் முழுநீளக் கைவரைப் படம் அங்கிருந்து வரவில்லை.

நான் இப்போது சினிமா விஎஃப்எக்ஸில் ரோட்டோ வேலை செய்கிறேன். ஹீரோவின் தலைமுடியைச் சுற்றி பிரேம் பிரேமாகக் கோடு போடுவது. கோடு போடுவது போகவில்லை பாருங்கள்.

கில்கென்னி_மருமகள்:

அண்ணா, நீங்கள் சொன்ன கதையின் அடுத்த பாகம் நான் இருக்கும் நாட்டில் நடந்திருக்கிறது.

நான் அயர்லாந்தில் கில்கென்னிக்குப் பக்கத்தில் இருக்கிறேன், கணவருக்கு இங்கே வேலை. கோட்டையைச் சுற்றி ஒடுங்கின சந்துகளோடு இருக்கிற சின்ன ஊர். இங்கேதான் ‘கார்ட்டூன் சலூன்’ என்ற கைவரை அனிமேஷன் ஸ்டூடியோ இருக்கிறது. டோம் மூர், நோரா டூமி, பால் யங் மூன்று பேரும் 1999இல் ஆரம்பித்தது. ‘சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’, ‘சாங் ஆஃப் தி சீ’, ‘பிரெட்வின்னர்’, ‘வுல்ஃப்வாக்கர்ஸ்’. 2009க்கும் 2020க்கும் நடுவில் வந்த இந்த நாலு படமும் ஆஸ்கர் பரிந்துரை வரை போயிருக்கின்றன.

இது வெறும் நிலத்தில் முளைத்ததில்லை. டிஸ்னியை விட்டு 1979இல் ஒரு கூட்டத்தோடு வெளியேறிய டான் புளூத், எண்பதுகளில் தன் ஸ்டூடியோவை டப்ளினுக்குக் கொண்டுவந்தார். அதற்கு ஆள் தயார் செய்ய பாலிஃபெர்மட் கல்லூரியில் அனிமேஷன் பாடம் ஆரம்பித்தார்கள். 1995இல் ஸ்டூடியோ மூடிவிட்டது. கல்லூரி மட்டும் நின்றது. மூரும் டூமியும் அங்கே படித்தவர்கள். ஆலை போனாலும் தறி ஓட்டத் தெரிந்தவர்கள் ஊரில் மிச்சம் இருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அனுபவம் இது. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது டப்ளின் டிரினிட்டி கல்லூரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ‘புக் ஆஃப் கெல்ஸ்’ என்று ஆயிரத்து இருநூறு வருடப் பழைய ஏடு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. முதல் எழுத்தைச் சுற்றி ஒரே பின்னல், கோடு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று தெரியாது. அம்மா குனிந்து பார்த்துவிட்டு, “புள்ளி வைக்காம சிக்குக் கோலம் போட்டிருக்கான்” என்றார்கள். எங்கள் வீட்டில் மார்கழியில் 21 புள்ளிக் கோலம் போடுகிறவர். விரலால் காற்றில் அந்தப் பின்னலைத் தொடர்ந்து ஒரு இடத்தில் நிறுத்தி, “இங்க இழை மாறுது பாரு” என்று காட்டினார்கள்.

அன்று ராத்திரி வீட்டில் ‘சீக்ரெட் ஆஃப் கெல்ஸ்’ போட்டேன். அந்த ஏட்டை எழுதும் துறவிகளைப் பற்றித்தான் படம். அம்மாவுக்கு இங்கிலீஷ் வசனம் பிடிபடவில்லை, ஆனால் காட்டு மரங்கள் பின்னலாக விரிகிற இடங்களில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அடுத்த வாரம் ‘வுல்ஃப்வாக்கர்ஸ்’. 1650இல் இந்தக் கில்கென்னியில் நடக்கிற கதை. ஊர் வரும்போது மரஅச்சில் பதித்த மாதிரி தடித்த, கட்டமான கோடுகள். காட்டுக்குள் போனதும் கோடு இளகிவிடும். முதலில் கிறுக்கிய பென்சில் வட்டங்களைக்கூட அழிக்காமல் விட்டிருப்பார்கள். அம்மா அதற்கு, “அழிக்க மறந்துட்டாங்களா?” என்றார்கள். இல்லைம்மா, வேண்டுமென்றே விட்டது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “ஓநாய்க்கு அது சரியாத்தான் இருக்கு” என்றார்கள்.

மச்சானோடு_மல்லுக்கட்டு:

சின்ன அனுபவம். ‘கிளாஸ்’ (Klaus) படம் கம்ப்யூட்டரில் செய்த 3டி என்று மச்சான் அடித்துச் சொன்னான், பந்தயம் ஒரு பிரியாணி. டிஸ்னியின் பாரிஸ் ஸ்டூடியோவில் வேலை பார்த்த செர்ஜியோ பாப்லோஸ் மாட்ரிட்டில் எடுத்த படம் அது. ஆட்கள் எல்லாம் கைவரை. வெளிச்சமும் நிழலும் மட்டும் தனி மென்பொருளில் தீட்டி உருண்டையாகக் காட்டியிருக்கிறார்கள். தயாரிப்பு வீடியோவைக் காட்டி பிரியாணியை வாங்கிவிட்டேன்.

ஆனால் ஒரு விஷயம். பெரிய கம்பெனி இல்லாமலே கைவரைப் படம் திரும்பி வந்துவிட்டது என்று இங்கே கொண்டாடுவதற்கு முன்னால் பணம் யாருடையது என்றும் பார்க்கலாம். ‘கிளாஸ்’ நெட்ஃபிளிக்ஸ், ‘வுல்ஃப்வாக்கர்ஸ்’ ஆப்பிள். அவர்களும் ஒரு நாள் காரணம் சொல்லி நிறுத்தலாம். தனி ஆள் என்றால் அமெரிக்காவின் பில் பிளிம்ப்டனைச் சொல்வேன். 1992இல் ‘தி டியூன்’ படத்துக்கு சுமார் 30,000 படங்களைத் தானே வரைந்தவர், செலவும் சொந்தக் கையிலிருந்து. ஜப்பானைச் சேர்க்கவேண்டாம், அங்கே பென்சிலைக் கீழே வைத்தால்தானே திரும்ப எடுக்க?

தீப்பெட்டிப்படம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கோவில்பட்டி, கல்லூரி இரண்டாம் வருடம், இங்கே ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன்.

கீதாஞ்சலி ராவ் எடுத்த ‘பிரின்டட் ரெயின்போ’ பார்த்துத்தான் எனக்குக் கிறுக்குப் பிடித்தது. 15 நிமிடம். தனியாக இருக்கிற ஒரு வயசான அம்மா, ஒரு பூனை. வீடு கறுப்பு வெள்ளை. அந்த அம்மா சேர்த்துவைத்திருக்கும் தீப்பெட்டி லேபிளுக்குள் போனால் கலர். ஒவ்வொரு பிரேமும் அவர் கையால் தீட்டியது. 2006 கான் விழாவில் கிரிட்டிக்ஸ் வீக் பிரிவில் மூன்று விருது. எங்கள் அம்மா பதினைந்து வருடமாகத் தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்கிறார்கள். லேபிளில் இருக்கும் புலியை, கப்பலை, சாவியை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். ஒரு நாளும் அதற்குள் போகலாம் என்று தோன்றவில்லை.

அதனால் லேபிள் புலி ஒன்று பெட்டியை விட்டு இறங்கி அம்மாவின் சோற்று டப்பாவை மோந்து பார்க்கிற மாதிரி 40 செகண்ட் எடுத்துக்கொண்டிருக்கிறேன். செகண்டுக்கு 12 படம் என்றால் 480. இதுவரை 212. ஜன்னல் கண்ணாடித் துண்டுக்கு அடியில் எல்இடி பல்ப், அதுதான் லைட் பாக்ஸ். காகிதத்தில் துளை போட ஆபீஸ் பஞ்ச், பெக்குக்கு இரண்டு பென்சில் துண்டு. சேர்ப்பது ஓப்பன்டூன்ஸில். ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ பயன்படுத்திய டூன்ஸ் மென்பொருளை 2016இல் இலவசமாக விட்டதுதான் இது. மூன்று ஜிபி ராமில் முக்கி முக்கி ஓடுகிறது.

பிரச்சினை இரண்டு. போனில் ஒவ்வொரு தாளையும் படம் எடுத்து ஓட்டினால் வெளிச்சம் டியூப்லைட் சாகப்போகிற மாதிரி விட்டு விட்டு மின்னுகிறது. அப்புறம் புலி தலையைத் திருப்பும்போது ஏதோ தப்பாக இருக்கிறது, என்னவென்று தெரியவில்லை. பென்சில்சீவி அண்ணாவின் மூக்குக் கதையைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. நானும் ஸ்கேல் வைத்துத்தான் வரைந்தேன்.

பல்லாவரம்_அப்பா:

தம்பி, புலி வந்ததும் லிங்க் போடு. மகள் பக்கத்தில் நின்று படித்துவிட்டு “ஸ்டிக்கரா பெயின்டிங்கா?” என்று கேட்கச் சொல்கிறாள்.

பென்சில்சீவி:

தம்பி, மின்னுவது போன் தானாக வெளிச்சம் மாற்றுவதால். திரையில் ஒரு இடத்தில் விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போனில் பூட்டிக்கொள்ளும், பிறகு எடு. பகலில் ஜன்னலை மூடிவிடு, மேகம் போனாலே மாறும். போனைக் கையில் பிடிக்காதே, இரண்டு செங்கல் மேல் பலகை போட்டு அதில் வை.

தலைக்கு: புதிதாக ஒரு தாள் எடுத்து, திருப்பத்தில் இருக்கிற எல்லாப் படத்திலும் மூக்கு நுனி எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் புள்ளி வை. புள்ளிகளைச் சேர்த்தால் நேர்க்கோடாக வரும், இப்போதே சொல்கிறேன். நடுவில் இருப்பதைக் கொஞ்சம் கீழே இறக்கி, தட்டின் விளிம்பு மாதிரி வளைத்துவிட்டு மறுபடி வரை. புலி என்றால் காதும் அதேபோல், எதிர்ப்பக்கம் வளையும். 212-ஐயும் அழிக்காதே. திருப்பத்தில் மொத்தம் எட்டு படம் இருக்குமா? அதை மட்டும் மாற்று.

பென்சில் துண்டில் பெக் வைத்தால் நாளாக நாளாக ஆட்டம் கொடுக்கும். என்னிடம் ஒரு பெக் பார் சும்மாதான் கிடக்கிறது. ஆனால் அதற்கு ஆபீஸ் பஞ்ச் பொருந்தாது, நடுவில் வட்டம், இரண்டு பக்கமும் நீளத் துளை வேண்டும். இங்கே ஒரு நண்பரிடம் பஞ்ச் இருக்கிறது, ஐந்நூறு தாளைக் குத்தியே அனுப்பச் சொல்கிறேன். முகவரியைப் பொதுவில் போடாதே, தனியாக அனுப்பு.