வசந்த கால நடையில் எதிர்ப்பட்ட பறவைகள்: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

மார்ச் பிறந்ததும் வரப்பு, ஏரிக்கரை என்று காலாற நடக்கப் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், இந்தப் பருவத்தில் பறவைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை, அவையே கத்திக் காட்டிக்கொடுத்துவிடும். ஜோடி சேரும் காலம் என்பதால் ஆண் பறவைகளுக்கு வாய் ஓயாது. நான் பட்டியல் போட்டுப் பார்க்கிற ஆள் இல்லை, போகிற வழியில் கண்ணில் பட்டதைப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

போன வாரம் செம்மார்புக் குக்குறுவான் ஒன்று வசமாக மாட்டியது. செம்புப் பாத்திரத்தைத் தட்டுகிற மாதிரி "டொக் டொக் டொக்" என்று விடாமல் கேட்குமே, அதேதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் கழுத்து வலித்துவிடும். இந்த முறை இலை உதிர்ந்த மரத்தின் உச்சிக் கிளையில் வெயில் காய்ந்துகொண்டிருந்ததால் பைனாகுலரில் சாவகாசமாகப் பார்க்க முடிந்தது. அலகைத் திறக்கவே இல்லை! வாயை மூடியபடி, ஒவ்வொரு 'டொக்'குக்கும் தொண்டை மட்டும் உப்பி அடங்குகிறது, கூடவே தலையும் ஆடுகிறது, அப்படியே இந்தப் பக்கம் ஒரு தடவை அந்தப் பக்கம் ஒரு தடவை திரும்பிக்கொண்டே கூவுவதால்தான் நமக்குத் திசை பிடிபடுவதில்லை. நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு, கண்ணுக்கு மேலும் கீழும் மஞ்சள், போதாததற்கு அலகைச் சுற்றி மீசை வேறு.

அப்புறம் ஆட்காட்டி. தூரத்திலேயே கத்தி மற்ற பறவைகளை எல்லாம் உஷார்படுத்திவிடுகிறது என்று இதைத் திட்டாதவர்கள் குறைவு. எனக்கென்னவோ அதன் கத்தல் உபயோகமாகத்தான் இருக்கிறது. தரிசு நிலத்தில் போகும்போது ஒன்று தலைக்கு மேல் தாழப் பாய்ந்து பாய்ந்து கத்தியது, ஜோடியும் வந்து சேர்ந்துகொண்டது. இந்த அளவுக்கு ஆவேசம் என்றால் கூடு காலடியில்தான் என்று அர்த்தம், அதனால் நின்ற இடத்திலிருந்தே தரையைத் துழாவினேன். ஒரு சின்னக் குழி, சுற்றிலும் பொடிக்கற்கள், நடுவில் நாலு முட்டை, கூர்முனை உள்பக்கமாக. மண் நிறத்தில் கரும்புள்ளிகள், பார்வையை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் தேட வேண்டியிருக்கிறது. படம் எடுக்க நிற்காமல் வந்த வழியே திரும்பிவிட்டேன். வெயில் ஏறிவிட்டால் முட்டைக்கு நிழல் கொடுக்க ஏதாவது ஒரு பறவை அங்கே இருந்தாக வேண்டும், நாம் நிற்கிற வரை அது இறங்காது.

⁂

நீங்கள் சொன்ன ஆட்காட்டி தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டையின் மேல் உட்காருவதையும் பார்க்க முடியும், தூரத்தில் ஒதுங்கி நின்றால் போதும். என் பங்குக்கு ஒரு குயில் கதை. காலையில் கூவித் தள்ளுவது ஆண் குயில்தான், பளபளவென்று கறுப்பு, கண் மட்டும் ரத்தச் சிவப்பு. பெண் பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருப்பதால் பலர் வேறு பறவை என்றே நினைத்திருப்பார்கள். அன்றைக்குக் காகங்கள் கூட்டமாக ஆணைத் துரத்திக்கொண்டு போன அதே நேரத்தில், கூடு இருந்த மரத்திலிருந்து பெண் குயில் சத்தமே இல்லாமல் நழுவி வெளியே போனது. உள்ளே முட்டை வைத்ததா என்று ஏறிப் பார்க்கவில்லை, ஆனால் நல்ல காரியத்துக்குப் போன முகமாகத் தெரியவில்லை!

ஒரு சந்தேகம். மொபைலில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டுக் கிட்டே வரவழைக்கிறார்களே, செய்யலாமா?

⁂

இந்தப் பருவத்தில் வேண்டவே வேண்டாம். வேறொரு ஆண் தன் எல்லைக்குள் வந்துவிட்டது என்று நம்பி, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு இல்லாத எதிரியைத் துரத்தும். குரலை வைத்து அடையாளம் காண வேண்டுமென்றால் மெர்லின் செயலியில் பதிவு மட்டும் செய்யுங்கள், திருப்பிப் போடாதீர்கள். பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் நடைக்கு 8x42 (8 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ.) சரியாக இருக்கும், 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் சேர்ந்தே பெரிதாகத் தெரியும்.