குரல் இன்னும் கேட்கிறது, வேலைக்கும் போகிறேன்

எனக்கு மனச்சிதைவு. சீட்டில் ஸ்கிசோஃப்ரீனியா என்று எழுதியிருக்கும். கல்லூரி முடித்த கையோடு ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து இரண்டு ஆண்கள் என்னைப் பற்றிப் பேசுவார்கள். “இப்ப எழுந்திரிப்பா பாரு” என்பார்கள், நான் எழுந்து நிற்பேன். “தண்ணி குடிக்கப் போறா” என்பார்கள், கையில் சொம்பு இருக்கும். ஊரே என்னைக் கவனிக்கிறது என்று நான் நம்பியதில் என்ன ஆச்சரியம்?

எங்களுக்குத் திருச்சிப் பக்கம். அம்மா முதலில் குணசீலம் கோயிலுக்குத்தான் கூட்டிப்போனார், மனநோய் குணமாகும் என்று பலரும் போகிற கோயில். ஒரு மண்டலம் தங்கினோம். பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அங்கே என்னை யாரும் விநோதமாகப் பார்க்கவில்லை, அம்மாவும் நிம்மதியாகத் தூங்கினார். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் குரல் நிற்கவில்லை.

அப்புறம் ஒரு மருத்துவமனை. மாத்திரை ஆரம்பித்த சில நாளில் தாடை இறுகியது, கை நடுங்கியது. அதைவிடக் கொடுமை, உட்கார முடியாதது. உட்கார்ந்தால் காலுக்குள் ஏதோ ஒன்று எழுந்து நட, நட என்று விரட்டும். ராத்திரி முழுக்க முற்றத்தில் நடந்தேன். “நோய் முற்றிவிட்டது” என்று சொல்லி அளவைக் கூட்டினார்கள். அது நோயே இல்லை, மாத்திரையின் பக்கவிளைவு என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. நான் மாத்திரையை நிறுத்தினேன். வீட்டில் ரகளை. திரும்ப அட்மிஷன்.

அடுத்துப் பார்த்த டாக்டரம்மா எல்லோரும் கேட்ட கேள்வியைக் கேட்கவில்லை. “ஏன் சாப்பிடலைன்னு நான் கேட்கலை. சாப்பிட்டா உங்களுக்கு என்ன பண்ணுது, அதைச் சொல்லுங்க” என்றார். நான் காலைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொண்டார். என் வாயிலிருந்து வந்த ஒன்றை ஒருவர் எழுதிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

ஏற்கெனவே இரண்டு மருந்துகள் சரியான அளவில் கொடுத்தும் கேட்காததால் குளோசபின் என்ற மாத்திரையை ஆரம்பித்தார். அது வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடலாம். அதனால் முதல் சில மாதம் வாராவாரம் ரத்தம் எடுப்பார்கள், பிறகு மாதம் ஒருமுறை. காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே போய்ப் பார்க்க வேண்டும். மலச்சிக்கலையும் சாதாரணமாக விடக் கூடாது. எடை ஏறியது. தூக்கத்தில் எச்சில் வழிந்து தலையணை நனையும், இப்போதும் துண்டு விரித்துத்தான் படுக்கிறேன். இத்தனையும் சேர்த்துத்தான் இந்த மருந்தை நல்ல மருந்து என்கிறேன். குரல்கள் போகவில்லை. ஆனால் எங்கோ அடுத்த தெருவில் பேசுவது மாதிரி ஆகிவிட்டது. தையல் யூனிட்டில் காலர் அடிக்கிறேன். மெஷின் சத்தத்தில் அவர்கள் பேசினாலும் தையல் கோணுவதில்லை.

*

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் ராமநாதபுரம் மாவட்டம். எங்கள் அண்ணனுக்கும் இதே நோய்தான். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி தர்கா பக்கத்தில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். சங்கிலியில் கட்டியிருந்ததால் தப்பிக்க முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்த மாதிரிக் காப்பகங்களை எல்லாம் அரசு மூடியது. பிறகு அண்ணனுக்கு நோய் வந்தபோது, “கட்டிப்போடாம எப்படிப்பா பாத்துக்குவீங்க?” என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுவது தடைசெய்யப்பட்டது என்பதே பலருக்குத் தெரியாது.

தர்காவிலேயே இப்போது மனநல மருத்துவர்கள் வந்து பார்க்கிறார்கள், மருந்தும் துவாவும் சேர்ந்தே நடக்கட்டும் என்று. எங்கள் அத்தாவுக்கு அதுதான் ஒத்துவந்தது. துவாவை விடச் சொல்லியிருந்தால் அண்ணனை அன்றே ஊருக்குக் கூட்டிவந்திருப்பார். அண்ணனுக்கு மாத்திரை மறந்துபோகும், அதனால் மாதாந்திர ஊசி. ஊசி போட்ட அன்று இடுப்பு வலிக்கிறது என்று முனகிக்கொண்டே இரண்டு பரோட்டா சாப்பிடுவார்.

*

எனக்கு இருதுருவ நோய், பைபோலார் என்பார்கள். மனசு ஒரு சமயம் பித்துநிலைக்கு ஏறும், ஒரு சமயம் சோர்வில் இறங்கும். லித்தியம் சாப்பிடுகிறேன், ரொம்ப வருஷமாக. 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் பித்துநிலைக்கு நல்ல பலன் தருவதாக எழுதிய அதே பழைய உப்புதான். விலையும் குறைவு. ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். கத்திரி வெயிலில் தண்ணீர் குறைந்தாலும், வாந்தி பேதி என்றாலும், மூட்டுவலிக்கென்று கடையில் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வாங்கிப் போட்டாலும் ரத்தத்தில் லித்தியம் அளவு ஏறிவிடும். கை வழக்கத்தைவிட அதிகமாக நடுங்கினால், நடை தடுமாறினால் காத்திருக்காதீர்கள். லித்தியம் அளவு பார்க்க ரத்தம் கொடுக்கப் போகும்போது கடைசியாக மாத்திரை போட்டு 12 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். லேபில் யாரும் இதைக் கேட்பதில்லை, நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடவே தைராய்டு, கிட்னி டெஸ்ட்.

*

நான் ஒரு அம்மா. பையனுக்கு மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்க அலைந்த கதை இது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் மனநோயும் சேர்ந்திருக்கிறது. 40 சதவீதமாவது வந்தால்தான் சலுகைகளுக்குக் கணக்கு. ஐடியாஸ் என்ற அளவுகோலில் மதிப்பெண் போடுவார்கள். தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என்று நான்கையும் பார்த்து, நோய் எத்தனை வருஷமாக இருக்கிறது என்பதையும் கூட்டுவார்கள். என் பையன் அன்றைக்குப் பார்த்துத் தலை சீவி, ஷேவ் பண்ணி, மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தான். கேட்டதற்கெல்லாம் “நல்லா இருக்கேன் சார்.” எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மூன்று வருஷம் குளிக்க வைக்கவே போராடிய பிள்ளை அவன்!

போகிற அம்மாக்களுக்குச் சொல்கிறேன், பழைய சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் தேதி வரிசையில் கட்டி எடுத்துப் போங்கள். வீட்டில் தினமும் என்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அதைப் படித்த பிறகுதான் டாக்டர் அவனிடம் வேறு மாதிரிக் கேட்டார்.

*

முதலில் எழுதிய நானேதான் மறுபடியும். தங்கை தூங்குவதில்லை, ஆஸ்பத்திரிக்கும் வர மாட்டேன் என்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருந்த தம்பிக்கு: முதலில் நீங்கள் மட்டும் போங்கள். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். என்ன நடக்கிறது என்று சொல்லி எப்படி அணுகுவது என்று கேட்டுக்கொள்ளலாம். அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் பண்ணினாலும் தமிழில் பேசுவார்கள், இலவசம், ராத்திரியிலும் உண்டு. ஆனால் அவள் தன்னை ஏதாவது செய்துகொள்வேன் என்று சொன்னாலோ, சாப்பாடு தண்ணீரை நிறுத்தினாலோ இதற்கெல்லாம் நேரமில்லை, உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.

“உனக்குப் பைத்தியம், வா” என்று மட்டும் சொல்லாதீர்கள். “கீழ்ப்பாக்கம் அனுப்பிடுவேன்” என்று எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லியே எனக்கு அந்த ஊர்ப் பெயரைக் கேட்டாலே நடுக்கம் வந்துவிட்டது. அவள் தூங்கவில்லை என்கிறீர்களே, அதிலிருந்து ஆரம்பியுங்கள். “தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கலாமா?” என்றால் வருவாள். நான் அப்படித்தான் போனேன். அந்த டாக்டரம்மாவிடம் என்னைக் கூட்டிப்போன அத்தை கடைசிவரை மனநோய் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

போகும்போது பழைய மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள் தம்பி, காலியாக இருந்தாலும் பரவாயில்லை.