பறக்கிறவன் பூட்ஸில் சேறு: கருப்பு-வெள்ளை சூப்பர்ஹீரோ கொலைக்கதையில் தடயம் தொலைந்துபோகிறது

கரிக்கோல்:
32 பக்கக் காமிக்ஸ். ஏ3-இல் வரைந்து ஏ4-இல் அச்சடிக்கத் திட்டம், முழுக்க கருப்பு-வெள்ளை. ஓய்வுபெற்ற முகமூடி வீரர் ஒருவர் மொட்டைமாடியில் செத்துக் கிடக்கிறார். சந்தேகம் நாலு பேர் மேல்: ஒருவன் பறப்பான், ஒருத்தி மனசைப் படிப்பாள், ஒருவன் சுவருக்குள் புகுந்து வருவான், நாலாமவனுக்குச் சக்தி கிடையாது, துப்பாக்கி மட்டும் உண்டு. கொலைகாரன் பறப்பவன்தான். "அலறல் கேட்டு நேராக வானத்திலிருந்து இறங்கினேன்" என்கிறான், ஆனால் 6ஆம் பக்கத்தில் அவன் பூட்ஸில் தோட்டத்துச் சேறு. பென்சில் பிரதியைப் படித்தவர்கள் அதைக் கவனித்தார்கள். மை போட்ட பிரதியில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. இன்னொரு சிக்கல்: மனசைப் படிப்பவள் இருக்கும்போது துப்பறிய என்ன மிச்சம் என்கிறார்கள். இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

முடிச்சு:
சேற்றை விடுங்கள் நண்பரே, பறக்கத் தெரிந்தவன் ஏன் நடந்து வந்தான்? அதற்குக் கதையில் பதில் இல்லையென்றால் சேறு தெரிந்தாலும் தடயம் ஆகாது. அவன் பறந்தால் சத்தம் வரும் என்று வையுங்கள். 2ஆம் பக்கத்தில் அவன் இறங்கும்போது ஜன்னல் கண்ணாடிகள் அதிரட்டும், ஒரு டம்ளர் விழட்டும். வாசகர் அதை வேடிக்கை என்று கடந்துவிடுவார். கொலை நேரத்தில் எந்தக் கண்ணாடியும் அதிரவில்லை என்பது பின்னால் உறைக்கும்.

மனசைப் படிப்பவளுக்கும் இதே வைத்தியம். எத்தனை அடி தூரம் எட்டும், அந்த நேரம் மனசில் ஓடுவதை மட்டும் படிப்பாளா, பழைய நினைவையும் தோண்டுவாளா, செய்தால் அவளுக்கு என்ன கஷ்டம் என்று மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிணம் விழுவதற்கு முன்பே அது காட்சியாக வரவேண்டும். ஹோட்டலில் அவள் பக்கத்து மேஜைக்காரர் என்ன சாப்பிட நினைக்கிறார் என்று சொல்கிறாள், அதற்கு அடுத்த மேஜை அவளுக்கு எட்டவில்லை. முடிந்தது. கொலைக்குப் பிறகு "எனக்குப் பத்தடிக்கு மேல் கேட்காது" என்று வசனம் வைத்தால் ஏமாற்று என்பார்கள், சரியாகத்தான் சொல்வார்கள்.

வாட்ச்மென் என்ற சூப்பர்ஹீரோ காமிக்ஸ் (12 இதழ்கள், 1986-87) இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்த கதை. காலம் முழுவதையும் ஒரே நேரத்தில் காணும் டாக்டர் மன்ஹாட்டன் உள்ளே இருக்கிறார். அவருக்கே எதிர்காலம் தெரியாமல் போக டேக்கியான் துகள்களை (ஒளியைவிட வேகமாகப் போவதாகக் கற்பனை செய்யப்பட்டவை) காரணமாக வைத்தார்கள். துப்பறிவதோ சக்தியே இல்லாத முகமூடிக்காரன் ரோர்ஷாக். முதல் இதழில் அவன் கோட் ஹேங்கர் கம்பியை நிமிர்த்தி, கொலையானவர் வீட்டு அலமாரியின் ஆழத்தை அளக்கிறான். உள் அளவும் வெளி அளவும் பொருந்தவில்லை, பின்னால் ரகசிய அறை இருக்கிறது. கிட்டத்தட்ட வசனமே இல்லாமல், அவன் கண்டதை நாமும் கூடவே காண்கிறோம். உங்கள் சேறும் அப்படிக் கிடைக்கவேண்டும்.

தூரிகை:
பென்சிலில் சேறு சாம்பல் நிறம், பூட்ஸ் அதைவிடக் கொஞ்சம் அடர்த்தி, அதனால் தெரிந்தது. மை போட்டதும் சாம்பலே இல்லை. கருப்பு பூட்ஸ்மேல் கருப்புச் சேறு! இது வரைகிறவர் கைப்பிழை இல்லை, திட்டத்திலேயே இருக்கும் பிழை.

சேற்றைப் புள்ளியும் கீறலுமாகப் போடாதீர்கள், அதற்கு ஒரு வடிவம் கொடுங்கள். பூட்ஸ் முழுக் கருப்பாகவே இருக்கட்டும். தரையை வெள்ளை டைல்ஸ் ஆக்கி, அதில் குதிகால் தடத்தை, பக்கத்தில் உதிர்ந்த இரண்டு மூன்று சேற்றுக் கட்டிகளோடு வரையுங்கள். ஆனால் பேனலிலேயே (பக்கத்தில் உள்ள ஒரு படக்கட்டத்திலேயே) பளிச்சென்று இருப்பது அதுவாக இருக்கக்கூடாது. கண் முதலில் முகத்துக்கும், கருப்பும் வெள்ளையும் நேராக மோதும் இடத்துக்கும் போகும். முகத்தில் பாதி நிழல் பாதி வெளிச்சம் வைத்து அதையே முதலிடம் ஆக்குங்கள். தடம் இரண்டாமிடத்தில் இருந்தால் போதும். விளக்கு வெளிச்சத்தைத் தடத்தின்மேல் அடித்தால் 6ஆம் பக்கத்திலேயே கதை முடிந்துவிடும்.

மை தொடுவதற்கு முன் அந்தப் பக்கத்தை 5 செ.மீ. உயரத்துக்குச் சின்னதாக மார்க்கரில் மட்டும் போட்டுப் பாருங்கள். அந்த அளவில் தரையில் ஏதோ இருக்கிறது என்றாவது தெரியவேண்டும்.

ஏ3 ஏ4 ஆகும்போது 71 சதவீதம். ஒரிஜினலில் 0.6 மி.மீ. வெள்ளை இடைவெளி அச்சில் 0.4 சொச்சம்தான். அதற்குக் கீழே போனால் மை அடைத்துக்கொள்ளும். உலர்ந்த பிரஷ்ஷால் இழுத்த சொரசொரப்புதான் முதலில் அடைபடும். வெள்ளை மையை, கருப்பு மையான இந்தியன் இங்க் நன்றாகக் காய்ந்த பிறகே வையுங்கள். ஈரத்தில் வைத்தால் சாம்பலாகக் கலங்கும், ஸ்கேனை முழுக் கருப்பு-வெள்ளைக்கு மாற்றும்போது அந்த இடம் ஓட்டை ஓட்டையாக வரும். 600 டிபிஐ சாம்பலில் ஸ்கேன் செய்து, 1200-க்கு உயர்த்தி, கடைசியில் பிட்மேப் (சாம்பலே இல்லாத, கருப்பும் வெள்ளையும் மட்டுமான ஃபைல்) ஆக்குவதுதான் சரி.

மூணாம் மெஷின்:
5ஆம் பக்கம் என்ன காட்சி? 5-ம் 6-ம் ஒரே தாளின் முன்னும் பின்னும். 5 முழு இருட்டு என்றால், 70 ஜிஎஸ்எம் (தாளின் எடை, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) மேப்லித்தோ தாளில் அந்தக் கருப்பு 6-இன் வெள்ளை டைல்ஸில் அழுக்காகத் தெரியும். சேற்றுத் தடம் அதில் கரைந்துவிடும். 100 ஜிஎஸ்எம் போடுங்கள். இல்லையென்றால் 5-இல் அதே இடத்துக்கு நேரே கருப்பைக் குறையுங்கள். தாளின் மறுபக்கம் என்பதால் இடது வலதாகிவிடும், மறக்கவேண்டாம்.

ஃபைலில் கருப்பு, கே 100 மட்டும்தான் (கருப்பு மை மட்டும் நூறு சதவீதம்) இருக்கவேண்டும். ஆர்ஜிபி-யில் (திரைக்கான வண்ணமுறை) வரைந்து அப்படியே மாற்றினால் கருப்பு நாலு மையாகப் பிரியும். பிளேட் ஒரு நூல் நகர்ந்தாலும் மெல்லிய வெள்ளைக்கோடெல்லாம் காலி.

பக்க எண்ணையும் பாருங்கள். இரட்டைப்படை இடது பக்கம், திருப்பினால்தான் தெரியும். கொலைகாரனைக் காட்டும் பக்கம் அங்கே இருக்கவேண்டும். கடைசி நேரத்தில் ஒரு விளம்பரப் பக்கம் நுழைந்தால் எல்லாம் ஒன்று தள்ளும், ரகசியம் வலது பக்கத்துக்கு வந்து, எதிர்ப்பக்கம் படிக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்துவிடும். சேர்த்தால் இரண்டாகச் சேருங்கள். சென்டர் பின் (நடு மடிப்பில் பின் அடித்த) புத்தகம் என்பதால் மொத்தம் 4-இன் மடங்காகவும் வரவேண்டும்.

கரிக்கோல்:
5 முழு இருட்டுதான், மழைக்காட்சி. மாற்றிவிடுகிறேன். வாட்ச்மென் மாதிரி ஒன்பது பேனல் கட்டமே எல்லாப் பக்கத்துக்கும் போடலாமா?

தூரிகை:
வேண்டாம். ஏ4-இல் ஒன்பது பேனல் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 6 செ.மீ. அகலம், அதில் தமிழ் வசனம் பாதி இடத்தைத் தின்றுவிடும்.

முடிச்சு:
முழுக்க வேண்டாம்தான், ஆனால் விசாரணைப் பக்கத்துக்கு அதைவிட நல்லது கிடையாது. ஒரே கோணம், மூன்று பேனல், மாறுவது சிகரெட் நீளம் மட்டும். எவ்வளவு நேரம் பேசாமல் இருந்தான் என்று வசனமே இல்லாமல் தெரியும்.

எழுத்தாணி:
லெட்டரிங் (வசன எழுத்து) பற்றி மட்டும். ஒரு பலூனில் (வசனக் குமிழில்) 15 வார்த்தை தாண்டாதீர்கள். அச்சில் 9 பாயிண்டுக்குக் கீழே ண, ணை சுழிகள் அடைத்துக்கொள்ளும், தடித்த எழுத்தில் இன்னும் மோசம். அதனால் அழுத்தம் வேண்டிய சொல்லைத் தடிமனாக்காமல் தனி பலூனில் பிரித்து வையுங்கள். பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் யூனிகோட் எழுத்துரு போட்டால் பத்தி அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். இல்லையென்றால் 'கொலை'யில் கொம்பும் காலும் தனித்தனியே கழன்று நிற்கும்.

6ஆம் பக்கத்தில் "நேராக வானத்திலிருந்து" பலூனை மேலே, முகத்தை ஒட்டி வையுங்கள். பலூன் அளவைப் பென்சிலிலேயே குறித்துவிட்டு டைல்ஸை வரையுங்கள். கடைசியில் பலூன் வைக்க இடம் தேடினால் காலியாகத் தெரிவது அந்த வெள்ளைத் தரைதான், பலூன் போய் உட்காருவது சேற்றுத் தடத்தின்மேல்.