மறுமொழி: காற்றாலை ‘கர்ட்டெயில்மென்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுமத்தாருக்கு,

வணக்கம். மின்சாரம் தரத் தயாராக இருக்கும் காற்றாலையைக் கட்டமைப்பு ஏற்க முடியாமல் குறைக்கவோ நிறுத்தவோ சொல்வதுதான் ‘கர்ட்டெயில்மென்ட்’. அதற்கு இந்த இழையில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: உற்பத்தி வெட்டு, கொள்முதல் மறுப்பு, மறுகால், உற்பத்திக் குறைப்பு. நால்வருக்கும் தனித்தனியே எழுதாமல் ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லுக்குப் போகும் முன் களத்தில் நடப்பதைப் பார்த்துவிடலாம். முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். அந்த மாதங்களில் மழை பெய்து ஊர் குளிர்ந்தாலோ, ஞாயிறன்று ஆலைகள் மூடியிருந்தாலோ மின்தேவை சரசரவென்று இறங்கும். தேவை இறங்கி உற்பத்தி இறங்காவிட்டால் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸைத் தாண்டி ஏறும். இந்தியாவில் 49.90 முதல் 50.05 வரைதான் அனுமதி. ஒரு நாளை 15 நிமிடம் 15 நிமிடமாக 96 துண்டு போட்டுக் கணக்குப் பார்க்கிறார்கள். அடுத்த துண்டுக்கு இத்தனை மெகாவாட் குறையுங்கள் என்று, தேவையையும் உற்பத்தியையும் சமன்படுத்தும் சுமை அனுப்பு மையத்திலிருந்து போன் வரும். புதிய இயந்திரம் என்றால் இறக்கைகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டித் திரும்பிக்கொள்ளும், சுழலி சோம்பலாக அசைந்துகொண்டிருக்கும். பழைய இயந்திரங்களுக்கு அந்த வசதி இல்லை. ஃபீடரையே, அதாவது பல காற்றாலைகள் சேரும் மின்தடத்தையே, துண்டித்துவிடுவார்கள், அதில் இணைந்திருக்கிற எல்லாக் காற்றாலையும் நிற்கும். வேட்டியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டிய காற்றில், பஸ்ஸில் போகிறவர் அதைப் பார்த்து ‘இன்னைக்குக் காத்து இல்ல போல’ என்பார்.

தொழிலில் இருப்பவர்கள் இதைப் ‘பேக்டவுன்’ என்கிறார்கள். சரி, இப்போது நம் சொற்கள்.

> உற்பத்தி வெட்டு எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான், ஆனால் ‘வெட்டு’ என்ற சொல்லை மின்வெட்டு எப்போதோ பிடித்துக்கொண்டுவிட்டது. 2012-இல் சென்னைக்கு வெளியே குடியிருந்த யாருக்கும் அது விசிறி நின்ற இரவுகளைத்தான் நினைவூட்டும். ‘காற்றாலைகளுக்கு வெட்டு’ என்று தலைப்புப் போட்டால், காற்றாலைக்குக் கரண்ட் போகவில்லை என்று பாதிப் பேர் படிப்பார்கள்.

> கொள்முதல் மறுப்பு என்பதே உண்மை நிலை.

காற்றாலை வைத்திருக்கும் நண்பரின் கோபம் புரிகிறது. ஆனால் கோவை, திருப்பூர் நூற்பாலைகள் பலவும் சொந்தக் காற்றாலை வைத்து, அந்த மின்சாரத்தை வாரியத்தின் கம்பி வழியாகத் தங்கள் ஆலைக்கே கொண்டுபோகின்றன. வாரியம் அதை வாங்குவதே இல்லை. வாங்காததை மறுப்பது எப்படி? இன்னொன்று, ‘மறுப்பு’ என்றதும் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. இதில் நியாயமான காரணமும் உண்டு, வேறு காரணமும் உண்டு. 2013 டிசம்பர் 31 வரை தென்னகக் கட்டமைப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு ஒத்திசைந்து இணையவில்லை. மிஞ்சியதை வடக்கே தள்ள வழி குறுகலாக இருந்தது. அது மெய்யான தொழில்நுட்பத் தடை. மலிவாக வேறு இடத்தில் கிடைக்கிறது என்பதற்காக நிறுத்தச் சொல்வது வேறு வகை. 2021-இல் வந்த ஒன்றிய அரசின் விதிகள் இந்த இரண்டையும் பிரித்து, பணக் காரணத்துக்காகக் குறைக்கக் கூடாது என்கின்றன. இரண்டு வகைக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும். சண்டையை அந்தச் சொல்லுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம்.

‘மறுகால்’ எனக்கு மிகவும் பிடித்தது. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் குளம் நிரம்பி மறுகால் பாய்வதைப் பார்த்தவர்தான் இப்படி யோசிக்க முடியும். ஆனால் மறுகால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும். இங்கே எடுக்காமல் விட்ட காற்று எந்தக் குளத்துக்கும் போவதில்லை. சீனத்தில் இதை ‘காற்றைக் கைவிடல்’ என்ற பொருளிலேயே சொல்கிறார்கள். அது இன்னும் நெருக்கம்.

இந்த இடத்தில்தான் ‘உற்பத்திக் குறைப்பு’ம் போதாமல் போகிறது. அனல்மின் நிலையத்திலும் உற்பத்தியைக் குறைக்கிறார்கள். அங்கே குறைத்தால் நிலக்கரி மிச்சம், அது கிடங்கிலேயே இருக்கும், நாளைக்கு எரிக்கலாம். காற்றுக்கும் வெயிலுக்கும் எரிபொருள் செலவே இல்லை என்பது பெரிய அனுகூலம். அதனாலேயே நிறுத்தினால் ஒரு காசுகூட மிச்சமில்லை. அனல் நிலையத்தையோ ஓரளவுக்குக் கீழே இறக்க முடியாது, கொதிகலன் நிலையாக எரியாது. முழுக்க அணைத்தால், மாலையில் சூரிய மின்சாரம் விழும்போது உடனே எழுப்பவும் முடியாது. ஆகவே பகலில் அனலைக் குறைந்தபட்சத்தில் ஓடவிட்டு, இலவசக் காற்றை நிறுத்தும் விநோதம் நடக்கிறது. இதற்கு மருந்து சேமிப்புதான். கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது இறக்குகிறார்கள். பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை நிற்கும் மாநிலத்துக்கு அது எந்த மூலைக்கு?

என் முன்மொழிவு: ஏற்புக் குறைப்பு. மின்சாரம் இருக்கிறது, கட்டமைப்பு ஏற்பது குறைகிறது. யார் குற்றம் என்று சொல்வதில்லை. பாதி குறைத்தாலும் முழுக்க நிறுத்தினாலும் பொருந்தும். ‘மின்னேற்புக் குறைப்பு’ என்று முழுசாகவே வைக்கலாமா என்றும் பார்த்தேன். மின்வண்டிகளின் மின்னேற்றத்தோடு குழம்பும், வேண்டாம். ஏற்புக் குறைப்பு ஆணை, ஏற்புக் குறைப்பு இழப்பீடு, சூரிய ஏற்புக் குறைப்பு என்று ஒட்டிப் பார்த்தேன், இடறவில்லை.

அன்புடன்,
கோவையிலிருந்து

---

வணக்கம் அண்ணா,

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஐயம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, இங்கே நாடு முழுக்க மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு பாய்ந்ததுதான் காரணம் என்றார்கள். ஆனால் ஞாயிறு பகலில் பாவனை குறைவு, கூரைகளில் சூரிய மின்சாரம் கூட, அதிர்வெண்ணைத் தாங்கிப் பிடிக்கும் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு என்ற பலவீனமும் சேர்ந்திருந்தது. பிறகு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக்கு, பகல் 3 மணி வரை கூரைச் சூரிய மின்சாரத்தை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை மக்களைக் கேட்டது. வீட்டுக்காரர் தானே ஆளியை (சுவிட்சை) நிறுத்துவதும் ‘ஏற்புக் குறைப்பு’ தானா?

---

அன்புள்ள தம்பி,

நல்ல கேள்வி. ஆம் என்பேன். ஆளியில் கைவைப்பவர் யாராக இருந்தாலும், காரணம் கட்டமைப்பால் அந்நேரம் ஏற்க முடியாமைதான். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தன்விருப்ப ஏற்புக் குறைப்பு’ எனலாம். ஆனால் சூரியத் தகடு பழுதானாலோ மேகம் மூடினாலோ இந்தச் சொல் வரக் கூடாது. விளக்கத்தை இப்படிப் போடுவோமா:

ஏற்புக் குறைப்பு: ஒரு மின்நிலையம் அந்நேரத்தில் தரக்கூடிய மின்சாரத்தைக் கட்டமைப்பு பகுதியாகவோ முழுவதுமாகவோ எடுத்துக்கொள்ளாத காரணத்தால் உற்பத்தியைக் குறைத்தல்.

வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இந்தக் குழுமத்தில் இருக்கிறார், அவர் ஒருமுறை பார்த்துவிட்டால் பட்டியலில் ஏற்றிவிடலாம். அப்புறம் ‘மஸ்ட்-ரன்’ (காற்று, சூரிய மின்சாரத்தைப் பணக் காரணத்துக்காக நிறுத்தாமல் ஓடவிட வேண்டும் என்பது) பாக்கி நிற்கிறது. அதற்கு யாரோ ‘கட்டாய ஓட்டம்’ என்று போட்டிருக்கிறார்கள். காவலர் தேர்வு மைதானம் மாதிரி இருக்கிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.